எட்டுக் கைக்கு அளவெடுப்பது

அன்புள்ள ஐயா,

தர்மபுரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். இரவில் ஓர் அறிவியல் புனைகதை எழுதிவருகிறேன். கடல்நீரில் வாழும், எலும்பில்லாத, எட்டுக் கை கொண்ட வேற்றுக்கிரகவாசிகள் ஒகேனக்கல்லில் வந்து இறங்குகிறார்கள். வரும் வழியில் விண்கலத்துக்கு வெளியே போய் ஒரு பழுதைச் சரிசெய்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளி நிற உடை, கண்ணாடித் தலைக்கவசம், எட்டுக் கையுறை கொடுத்திருக்கிறேன். படித்த நண்பர், "மனிதனின் உடையையே வெட்டி ஒட்டியிருக்கிறாய்" என்கிறார். எதை மாற்றுவது?

ஒரு வாசகர், தர்மபுரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் நிறத்தையும் கண்ணாடியையும் மாற்றினால் குறை தீராது. அந்த உடைக்குள் போனால் அந்த உயிரால் எதையெல்லாம் செய்ய முடியாமல் போகும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

விண்வெளி உடையை விறைக்க வைப்பது உள்ளே இருக்கும் அழுத்தம். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடையில், காற்றடித்த லாரி டியூபைக் கையால் மடக்க முயன்று பாருங்கள், புரியும். 1965 மார்ச் 18 அன்று முதல் விண்நடை சென்ற அலெக்ஸி லியோனோவின் உடை வெற்றிடத்தில் உப்பிவிட்டது. உள்ளே இருந்த காற்றைக் கொஞ்சம் வெளியேற்றிய பிறகுதான் அவரால் கலத்துக்குள் திரும்ப முடிந்தது. இத்தனைக்கும் அவர் வெளியே இருந்தது சுமார் 12 நிமிடம். அதனால்தான் இன்றைய உடைகளில் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில் தனி மூட்டுகளை வைக்கிறார்கள். அப்படியும் கையுறைக்குள் விரல்களை மடக்கி மடக்கி நகம் பெயர்ந்த வீரர்கள் உண்டு.

உங்கள் உயிருக்கோ முழங்கையே கிடையாது. ஆக்டோபஸின் கை எந்த இடத்திலும் வளையும். அதற்கு எங்கே மூட்டு வைப்பீர்கள்? கை முழுவதையும் மடிப்பு மடிப்பாகத் தைக்கலாம். எட்டுக்கும் அப்படித் தைத்தால் கசிவதற்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பாருங்கள். நானாக இருந்தால் இரண்டு கைகளை மட்டும் வெளியே நீட்டவிட்டு, மற்ற ஆறையும் உள்ளே சுருட்டி வைப்பேன். பழுது பார்க்கும் காட்சிக்கு அப்போதே பதற்றம் வந்துவிடும். இன்னொன்று, ஆக்டோபஸ் தன் உறிஞ்சிகளால் தொட்டே சுவை அறிகிறது. கையுறை மாட்டியதும் அதன் நாக்கையும் கட்டிப்போடுகிறீர்கள். இந்த ஓர் இழப்பை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

தலைக்கவசத்தை எடுத்துவிடுங்கள். செவுளால் சுவாசிக்கும் உயிருக்கு உடை முழுக்கத் தண்ணீர் வேண்டும். கண்ணுக்கு ஒரு சிறு சாளரம் போதும். 25 டிகிரியில் காற்றோடு கலந்து நிற்கும் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான். உப்புநீரில் இன்னும் குறைவு. ஆகவே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆக்சிஜனை ஏற்றி கார்பன் டை ஆக்சைடை இறக்க ஒரு கருவியும் வேண்டும். ஓர் ஆதாயமும் உண்டு. காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பதால், ஆக்சிஜனை மட்டும் கரைத்தால் நம் வளிமண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தமே போதும். உடையின் விறைப்பும் அந்த அளவுக்குக் குறையும்.

வெப்பம் வேறு கதை. மனித வீரர்கள் உள்ளாடையில் ஓடும் மெல்லிய குழாய்த் தண்ணீரால் குளிர்கிறார்கள். அந்த வெப்பத்தை வெளியேற்ற, உடை கொஞ்சம் தண்ணீரைப் பனிக்கட்டியாக்கி வெற்றிடத்தில் ஆவியாக விடுகிறது. உங்கள் உயிரும் அப்படிச் செய்தால், சுவாசிக்கும் தண்ணீரையே சிறிது சிறிதாகச் செலவழிக்கிறது என்று பொருள். வேலை கடினமாக ஆக, மூச்சுக்கான நீர் குறையும்.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒரு செய்தி: நிலவில் நடந்தவர்களின் உடைகளைத் தைத்தவர்கள், பெண்களின் உள்ளாடைகளுக்குப் பேர்போன ஒரு நிறுவனத்தின் தையல்காரப் பெண்கள். உள்ளே காற்றடைக்கும் உறை துளைபட்டால் உயிர் போய்விடும் என்பதால், குண்டூசி பயன்படுத்துவதில்கூட அங்கே கடும் கட்டுப்பாடு. உங்கள் கதையிலும் ஒரு தையல்காரரை வையுங்கள். விஞ்ஞானிகள் பக்கம் பக்கமாகப் பேசுவதைவிட, அவர் தையலைத் தடவிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

கடைசியாக ஒகேனக்கல். அங்கே இறங்கியதும் அவர்கள் உடையைக் கழற்றிவிட்டுக் காவிரியில் குதிப்பதாக எழுதியிருப்பீர்கள் என்று சந்தேகிக்கிறேன். வேண்டாம். நன்னீரில் வாழும் ஆக்டோபஸ் உலகில் ஒன்றுகூட இல்லை. கடல் உயிரை ஆற்றில் விட்டால் உடலுக்குள் நீர் புகுந்து வீங்கிவிடும். உடையோடேயே இறங்கட்டும். உப்புநீர் நிரம்பிய அந்த உடை பாறையில் இழுக்க முடியாத கனம் கனக்கும், ஆற்றுக்குள் போனால் அந்தக் கனம் பெரும்பாலும் தெரியாது. ஆக, கரையிலிருந்து தண்ணீர்வரை இழுத்துச் செல்லப் பரிசல்காரர்கள் நாலு பேர் வேண்டும். அவர்களிடம் எப்படி உதவி கேட்பது என்பதை அடுத்த வரைவில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.