பள்ளி நிதியும் பெற்றோர் உரிமையும்

கேள்வி: அமெரிக்காவில் வறிய குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குக் கூட்டரசு தரும் நிதியில் பெற்றோர் கருத்துக்கு இடமுண்டா?

பதில்: உண்டு. அந்த உரிமையைச் சட்டமே தருகிறது. அதிபர் லிண்டன் ஜான்சன் 1965இல் கையெழுத்திட்ட தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தின் ‘டைட்டில் ஒன்’ என்னும் முதற்பகுதியே இந்நிதிக்கு அடிப்படை. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இந்நிதியில் 5,00,000 டாலருக்கு மேல் பெறும் கல்வி மாவட்டம் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அதில் குறைந்தது 1 விழுக்காட்டைக் குடும்பங்களின் பங்கேற்புக்கென ஒதுக்கி, அந்த ஒதுக்கீட்டில் 90 விழுக்காட்டையேனும் பள்ளிகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். அதைச் செலவிடும் முடிவிலும் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக் கூட்டமும், பிள்ளைகளின் படிப்பில் பள்ளிக்கும் பெற்றோருக்கும் உள்ள பொறுப்புகளைப் பெற்றோருடன் சேர்ந்து எழுதும் பள்ளி உடன்படிக்கையும் கட்டாயம்.

ஒரு விழுக்காடு சிறு தொகைதான். ஆயினும், கூட்டத்துக்கு வந்துபோகும் செலவு, அந்நேரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, ஆசிரியர் வீட்டுக்கே சென்று பேசுவது ஆகியவற்றுக்கும் இந்நிதியைப் பயன்படுத்தலாம் என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். ஏனெனில், இரண்டு வேலை பார்க்கும் தாய் கூட்டத்துக்கு வராதது அக்கறையின்மையால் அன்று. மேலும், இந்நிதியைக் கொண்டு பள்ளி முழுவதையும் மேம்படுத்த வகுக்கும் திட்டம் பெற்றோருக்கு நிறைவளிக்கவில்லையெனில், அவர்களுடைய மறுப்புக் கருத்துகளையும் பள்ளி அத்திட்டத்துடன் கல்வி மாவட்டத்துக்கு அனுப்பியாக வேண்டும்.