விழுப்புரம்: தக்கவைத்ததா, கைமாறியதா?

விழுப்புரம் மக்களவைத் தொகுதி 2019-ல் திமுக, 2024-ல் விசிக என்று தேர்தல் ஆணையத்தின் கணக்கில் இருக்கிறது, ஆனால் இரண்டு முறையும் ஜெயித்தவர் ரவிக்குமார்தானே, இதை எப்படிக் ‘கைமாறியது’ என்று எழுதுவது எனக் கேட்டிருந்தீர்கள்.

2019-ல் அவர் விசிக-காரர்தான், ஆனால் நின்றது உதயசூரியனில். வேட்புமனுவோடு வந்த பி ஃபார்ம் (‘இவர் எங்கள் வேட்பாளர்’ என்று கட்சி தரும் படிவம்) எந்தக் கட்சியுடையது என்பதைத்தான் ஆணையம் பார்க்கும். அதனால் அந்த மக்களவையிலும் அவர் திமுக கணக்கு, திமுக கொறடா உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர். 2024-ல் பானைச் சின்னத்தில் நின்றார். ஆக, பதிவின்படி கைமாறியதுதான்.

இதற்கு நேர்மாறானது பெரம்பலூர். 2019-ல் ஐஜேகே (இந்திய ஜனநாயகக் கட்சி) நிறுவனர் பாரிவேந்தர் உதயசூரியனில் ஜெயித்தார். 2024-ல் அவரே தாமரையில் நிற்க, திமுகவின் அருண் நேரு வென்றார். சிட்டிங் எம்.பி. தோற்றிருக்கிறார், பதிவிலோ ‘திமுக தக்கவைத்தது’! ஈரோட்டில் 2019-ல் உதயசூரியனில் ஜெயித்தவர் மதிமுகவின் கணேசமூர்த்தி. அதுவும் திமுக கணக்குதான்.

நானாக இருந்தால் தொகுதிப் பட்டியலில் மூன்று பத்தி (column) வைப்பேன்: பதிவுக் கட்சி (ஆணையத்தின் கணக்கில் உள்ளது), தாய்க் கட்சி (வேட்பாளரின் சொந்தக் கட்சி), கூட்டணி. ‘தக்கவைத்தது’ என்பதைக் கூட்டணிப் பத்தியை வைத்தே எழுதுங்கள். நம்மூர் வாக்காளர் அப்படித்தானே ஓட்டுப் போடுகிறார். இடம் இல்லையென்றால் பதிவுக் கட்சியைப் போட்டுவிட்டு இந்தத் தொகுதிகளுக்கு மட்டும் அடிக்குறிப்பு கொடுங்கள், போதும்.

அப்புறம், வேலூர். அங்கே தேர்தல் ஏப்ரலில் ரத்தாகி ஆகஸ்டில் நடந்தாலும் அது 2019 பொதுத்தேர்தல் கணக்குதான். இடைத்தேர்தல் பத்தியில் போட்டுவிடாதீர்கள்.