எலக்ட்ரானைப் பார்த்திருக்கியாடா?

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் என் மகன், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறான். "உங்களை மாதிரி கண்ணை மூடிக்கிட்டு நம்ப முடியாது, எனக்கு அறிவியல்தான்" என்றான். "எலக்ட்ரானை நீ பார்த்திருக்கியாடா? வாத்தியார் சொன்னதைத்தானே நம்புற?" என்று கேட்டேன். பேசாமல் எழுந்து போய்விட்டான். நான் கேட்டது தப்பா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தப்பே இல்லை, அம்மா. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை நானும் புத்தகத்தில் படித்து நம்புகிறவன்தான்.

ஆனால் உங்கள் மகன் எழுந்து போகாமல் அல்சர் கதையைச் சொல்லியிருக்கலாம். "காரம் சேர்க்காதே, கவலைப்படாதே" என்று டாக்டர்கள் வேதவாக்காகச் சொல்லிவந்த காலம். வயிற்று அமிலத்தில் கிருமி பிழைக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற டாக்டர், நோயாளிகளின் இரைப்பைத் துணுக்குகளில் வளைந்த பாக்டீரியாவை 1979-ல் பார்த்தார். பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் பின்னால் அவரோடு சேர்ந்துகொண்டார். அல்சருக்கு இதுதான் காரணம் என்றார்கள். பெரும்பாலானோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. (பிடிவாதம் பக்தர்களுக்கு மட்டும் சொந்தமில்லை.) 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்துவிட்டார், மனைவியிடம்கூடச் சொல்லாமல்! சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. அல்சர் வரவில்லை, அதனால் அப்போதும் உலகம் மசியவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்தால் அல்சர் திரும்புவதில்லை என்று வெவ்வேறு ஊர் டாக்டர்கள் செய்து பார்த்த பிறகே, 1994-ல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய நிபுணர் குழு ஒப்புக்கொண்டது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

வாத்தியார் சொல்லுக்குப் பின்னால் இப்படியொரு ஏற்பாடு இருக்கிறது. அந்தச் சொல்லைத் தப்பென்று காட்டுகிறவனுக்கு, தாமதமானாலும், மாலை விழும். நம் ஊரில் கோடாங்கி சொன்ன குறி பலிக்காவிட்டால் என்ன செய்கிறோம்? நேர்த்திக்கடனில் ஏதோ குறை என்கிறோம். குறி தப்பு என்று ஒருநாளும் சொல்வதில்லை.

ஆனால் சாஸ்தா கோயிலில் நீங்கள் பொங்கல் வைப்பது எதையும் நிரூபிக்க இல்லையே! பங்காளிகள் கூடுகிற நாள், மாமனார் நின்ற இடத்தில் பிள்ளைகள் நிற்கிற நாள். அதற்குச் சோதனைக்கூடம் எதற்கு? அங்கே யாராவது "சுகர் மாத்திரையை நிறுத்து, திருநீறு போதும்" என்றால் மட்டும் நான் உங்கள் மகன் கட்சி.

அவனை வற்புறுத்தாதீர்கள். "கும்பிட வேண்டாம்டா, பானை தூக்க ஆள் வேணும்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். வேனில் போகும்போது, 1897-ல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானை எப்படிக் கண்டுபிடித்தார் என்று உங்களுக்கு அவன் விளக்கட்டும். புரியவில்லை என்றால் தலையாட்டிவிடாதீர்கள், திரும்பக் கேளுங்கள்.