வறட்டு இருமலுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஆயுர்வேத வைத்தியம் என்ன?

முதலில் மிளகு டப்பாவை எடுத்த இடத்திலேயே வையுங்கள். இருமல் என்றதும் சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப் போட்டுக் கஷாயம் வைப்பது நம் வீடுகளில் ஊறிப்போன வழக்கம். நெஞ்சில் சளி கட்டியிருந்தால் அது சரி. சளியே வராமல் தொண்டை நமநமவென்று அரித்து, படுத்தவுடன் ஆரம்பிக்கிற இருமலுக்கு அந்தக் காரம் எரிகிற நெருப்பில் எண்ணெய். ஆயுர்வேதம் இருமலை ஐந்து வகையாகப் பிரித்து, வறட்டு இருமலை, உடலில் வறட்சியைக் கூட்டும் வாதத்தின் கணக்கில் வைக்கிறது. அதற்கு நெய்ப்பும் இனிப்பும் வெதுவெதுப்பும்தான் வேண்டும்.

நான் வட சென்னையில் தண்டையார்பேட்டைவாசி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, மணலிப் பக்கத்து நெடி, போகியன்று டயர் புகை என்று தொண்டை கெட இங்கே தனியாக ஒரு மழைக்காலம் வர வேண்டியதில்லை. அதனால் அதிமதுரம் எப்போதும் கைவசம் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காமல் குச்சியாகக் கேளுங்கள். உடைத்தால் உள்ளே மஞ்சளாக, நார் நாராக இருக்க வேண்டும். விரற்கணு அளவுத் துண்டைக் கடைவாயில் அடக்கிக்கொண்டால் முதலில் வெறும் கட்டையைச் சப்புவது போலத்தான் இருக்கும். சற்றுப் பொறுத்தால் இனிப்பு இறங்கி எச்சில் ஊறும். அது தொண்டையை நனைக்க நனைக்க அரிப்பு அடங்கும். ஆனால் அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொட வேண்டாம். மற்றவர்களும் வாரக்கணக்கில் மெல்லக் கூடாது.

அடுத்தது சிதோபலாதி சூரணம். கற்கண்டு 16 பங்கு, மூங்கிலுப்பு (மூங்கில் கணுவுக்குள் உறையும் வெள்ளைப் பொருள்) 8, திப்பிலி 4, ஏலம் 2, இலவங்கப்பட்டை 1. திப்பிலி இருக்கிறதே என்பீர்கள். கற்கண்டில் கால் பங்குதான். அரைத் தேக்கரண்டிச் சூரணத்தைத் தேனிலும் நெய்யிலும் குழைத்து மெதுவாக நக்கிச் சாப்பிட வேண்டும், தண்ணீரில் கலக்கி மடக்கென்று விழுங்கினால் தொண்டையில் தங்காது. தேனும் நெய்யும் சம அளவில் சேரக் கூடாது என்பது ஆயுர்வேத விதி. பாதிக்கு மேல் சர்க்கரை என்பதால் நீரிழிவுக்காரர்களுக்கு ஆகாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடவே கூடாது.

இரவில் மஞ்சள் பால் குடிப்பவர்கள் மிளகை விட்டுவிட்டு, பனங்கற்கண்டும் அரைத் தேக்கரண்டி நெய்யும் சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் கேட்காத இருமலும் உண்டு. என் மாமியாருக்கு மாதக்கணக்கில் இருந்தது. வீட்டிலிருந்த டப்பா எல்லாம் காலியானதுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால், இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிட்டுவந்த எனலாப்ரில் மாத்திரை. அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றியதும் படிப்படியாக நின்றது. நீங்களும் அப்படி ஏதாவது சாப்பிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை, மாலையில் காய்ச்சல், எடை குறைகிறது, சளியில் இரத்தம், இதில் எது இருந்தாலும் அதிமதுரத்தை மூட்டை கட்டிவிட்டுக் காசநோய்ப் பரிசோதனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணம் கிடையாது. நம் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.