கேள்வி – பதில்: 'நெவர்மைண்ட்' வாசிக்கும் கைகளுக்கு

அமெரிக்க ராக் குழுவான நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' (1991) ஆல்பத்தில் 'கம் ஆஸ் யூ ஆர்' பாட்டின் தொடக்கத்தைச் சரியான ஃப்ரெட்டுகளில்தான் (கிடார் கழுத்தின் கட்டங்கள்) வாசிக்கிறேன். ஆல்பத்தை ஓடவிட்டு வாசித்தால் மட்டும் ஒட்டவில்லை. ஏன்?

உங்கள் கிடார் வழக்கமான சுருதியில் இருக்கிறது. அந்தப் பாட்டில் ஆறு தந்திகளும் ஒரு முழுச் சுரம் இறக்கப்பட்டவை: தடித்த தந்தியிலிருந்து டி, ஜி, சி, எஃப், ஏ, டி. 'லித்தியம்' பாட்டுக்கும் இதே சுருதிதான்.

இறக்கும்போது தந்தியைத் தேவைக்குக் கீழே தளர்த்தி, பிறகு ஏற்றி அதற்குரிய சுரத்தில் நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால், நட்டில் (கழுத்தின் மேல் முனையில் தந்திகள் பதியும் பள்ளக்கட்டை) சிக்கியிருக்கும் தந்தி நாலு மீட்டலில் நழுவி, சுருதி இன்னும் கீழே போகும். 9-42 தந்தி செட் (மெல்லிய, தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்) போட்டிருந்தால் தந்தி தொய்ந்துவிடும். சற்று அழுத்தினாலே சுருதி ஏறும். 10-46 தாங்கும். 11-49 உறுதியாக நிற்கும், ஆனால் மாற்றியதும் நெக் (கழுத்து) வளைவையும் இண்டோனேஷனையும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பது) பாருங்கள்.

நீருக்குள்ளிருந்து வருவது போன்ற அந்த ஒலி, எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஸ்மால் குளோன் என்ற கோரஸ் பெடலுடையது (ஒலியை அலையாட வைக்கும் கால்கருவி). வேறு கோரஸ் பெடல் இருந்தாலும் போதும்: ரேட் (அலைவின் வேகம்) குறைவு, டெப்த் (அலைவின் ஆழம்) அதிகம். இரண்டையும் ஏற்றினால் சுருதியே தள்ளாடும்.

நிர்வானா போல நாங்களும் மூன்று பேர்தான். பதிவு செய்தால் குரலும் கிடாரும் மெலிந்து ஒலிக்கின்றன. டிஸ்டார்ஷனை (கிடாரின் கரகரப்பை) இன்னும் கூட்டலாமா?

வேண்டாம், குறையுங்கள். டிஸ்டார்ஷன் ஏற ஏறத் தந்தியைத் தட்டும் ஓசை மழுங்கி, கிடார் பின்னால் போய்விடும். ஆல்பத்தில் நீங்கள் கேட்கும் கனம், ஒரே பகுதியைப் பல முறை வாசித்து அடுக்கிப் பதிவு செய்ததால் வந்தது. லாஸ் ஏஞ்சலஸின் வான் நைஸில் உள்ள சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் புட்ச் விக் 'ட்ரெய்ன் யூ' பாட்டுக்குப் பல கிடார் தடங்களைப் பதிந்தார். நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபெய்ன் ஒரே வரியை இரண்டாம் முறை பாடத் தயங்கியபோது, பீட்டில்ஸின் ஜான் லெனனும் அப்படித்தான் செய்தார் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தார்.

நீங்களும் ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை உண்மையாகவே வாசியுங்கள், பாடுங்கள். ஒரே தடத்தை நகலெடுத்து வைத்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. நகலைச் சில மில்லி விநாடி தள்ளிவைத்தால் ஒலி உள்ளீடற்றுப் போகும். கிடார்களை இடதும் வலதுமாகப் பிரியுங்கள். குரல் இரண்டும் நடுவிலேயே இருக்கட்டும், இரண்டாவதை 4 முதல் 6 டெசிபல் குறையுங்கள். அந்த இரண்டாவது குரல் பதிவில் 'ஸ்', 'ட்' ஒலிகளை மென்மையாக உச்சரியுங்கள். இல்லையென்றால் ஒவ்வொன்றும் இரட்டையாகக் கேட்கும்.

இத்தனை அடுக்கும் பாட்டின் பல்லவிப் பகுதிக்கு மட்டுமே. 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' சரணத்தில் கிடார் வாசிப்பது சி, எஃப் என்ற இரண்டே சுரங்கள். அங்கே காலி இருப்பதால்தான் அடுத்து வருவது அவ்வளவு பெரிதாக விழுகிறது. இதை விட்டுவிட்டால் எத்தனை தடம் அடுக்கியும் பயனில்லை.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'சம்திங் இன் த வே' முடிந்து பத்து நிமிடம் கழித்து ஏதோ இரைச்சல் வருகிறது. சிடி கெட்டுவிட்டதா?

இல்லை. அது 'எண்ட்லெஸ், நேம்லெஸ்' என்ற, பட்டியலில் குறிப்பிடாமல் மறைத்து வைத்த பாடல். முதலில் அச்சான பிரதிகளில் தவறுதலாக விடுபட்டுப் பிறகு சேர்க்கப்பட்டது.