இஸ்தான்புல்லில் கடைசி நாள்: நாத்தனாரோடு ஒரு ஞாயிறு

கேள்வி: நானும் என் நாத்தனாரும் ஒரு சுற்றுலாக் குழுவோடு துருக்கிக்குச் செல்லவிருக்கிறோம். பயணத்தின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமையை இஸ்தான்புல்லில் எங்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். திங்கள் அதிகாலை 2 மணிக்கு விமானம். வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு ஹேகியா சோஃபியாவின் மேல்மாடத்தை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். நாத்தனாரோ கிராண்ட் பஜாரைப் பற்றி மட்டுமே பேசுகிறார். அவருக்கு முழங்கால் வலியும் உண்டு. மூத்தவரைத் தனியே விட்டுச் சென்றால் ஊர் திரும்பியதும் அதுவே பேச்சாகிவிடுமோ என்று தயங்குகிறேன். அந்த நாளை எப்படி அமைத்துக்கொள்வது?
- வாசகி, திருச்சி

பதில்: கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு விடுமுறை என்பதை நாத்தனாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அறுபதுக்கும் மேற்பட்ட தெருக்களும் ஏறத்தாழ 4,000 கடைகளும் கொண்ட அந்தச் சந்தையை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தவர், அன்று காலை பூட்டிய கதவின் முன் நின்றால், அதன்பின் நீங்கள் எங்கே அழைத்துச் சென்றாலும் அவருக்கு மனம் ஒட்டாது. சனிக்கிழமை மாலை குழுவின் நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்தால் இருவரும் சேர்ந்தே அங்கே போய்வாருங்கள். அது வழிதவறும் இடம் என்பதால் அங்கு மட்டும் பிரிய வேண்டாம்.

ஞாயிறு காலையில் பிரிவதில் தவறே இல்லை என்பது என் கருத்து. நாள் முழுவதும் ஒருவர் மற்றவருக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டே நடந்தால், மாலைக்குள் இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். ஆனால் அதைத் திருச்சியிலேயே பேசி முடிவு செய்யுங்கள். அன்று காலை உணவு மேசையில் சொன்னால்தான் அது கழற்றிவிடுவதுபோலத் தோன்றும்.

அவருக்கு ஏற்ற இடம் எமினோனு என்னும் படகுத்துறைப் பகுதியில் உள்ள மசாலாச் சந்தை. 1664ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இக்கட்டடம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். கூரையிட்ட இரண்டு நீண்ட கூடங்கள் முழங்கைபோல ஒன்றோடொன்று சேர்ந்த எளிய அமைப்பு என்பதாலும், தரை பெரும்பாலும் சமமாக இருப்பதாலும், ஹேகியா சோஃபியா இருக்கும் சுல்தானஹ்மத் பகுதியிலிருந்து வரும் டிராம் அருகிலேயே நிற்பதாலும், முழங்கால் வலி உள்ளவர் தனியாகச் சுற்றுவதற்கு இதைவிட வசதியான கடைத்தெரு அந்நகரில் அரிது. குங்குமப்பூ, உலர்பழம், லோகும் என்னும் துருக்கி இனிப்பு ஆகியவற்றை அங்கே வாங்கலாம். மாதுளைச் சாறு காய்ச்சிய பாகு போன்றவற்றை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் பெரிய பெட்டியில் வைத்துவிட வேண்டும். பழைய நாணயம், பழம்பொருள் என்று யாராவது நீட்டினால் வாங்காமல் நகர்ந்துவிடச் சொல்லுங்கள். உண்மையான தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது அங்கே குற்றம்.

நீங்கள் காலையில் திறந்தவுடனேயே ஹேகியா சோஃபியாவுக்குப் போய்விடுங்கள். 537இல் ஜஸ்டினியன் பேரரசர் திறந்துவைத்த அந்தப் பேராலயம், ஒட்டோமான் துருக்கியர் நகரைக் கைப்பற்றிய 1453க்குப் பின் மசூதியாகவும், 20ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகமாகவும் இருந்து, 2020இல் மீண்டும் மசூதியானது. கீழ்த்தளம் தொழுகைக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. வெளிநாட்டுப் பயணிகள் 2024 ஜனவரி முதல் கட்டணம் செலுத்தித் தனி வாயில் வழியாக மேல்மாடத்துக்குச் செல்கிறார்கள். கட்டணம் 25 யூரோ என்று வைத்தார்கள். தலையை மறைக்க ஒரு துப்பட்டாவும் தேவை. ஏறும் பாதை கரடுமுரடான கல் சரிவு என்பதால் நாத்தனார் உங்களோடு வராமல் இருப்பதே அவர் முழங்காலுக்கு நல்லது. தெற்கு மாடத்தில் கிறிஸ்து, மரியாள், யோவான் மூவரையும் காட்டும் மொசைக் ஓவியத்தை எல்லோரும் பார்க்கிறார்கள்; அருகிலுள்ள பளிங்குக் கைப்பிடிச் சுவரில் வைகிங் என்னும் வட ஐரோப்பியக் கடலோடி இனத்து வீரன் ஒருவன் அவர்களது பழைய ரூனிக் எழுத்தில் தன் பெயரைக் கீறி வைத்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுற்றுலாத் தலத்துச் சுவரில் பெயர் எழுதும் பழக்கத்துக்கு இத்தனை வயது என்பதை உங்கள் மாணவர்களிடம் சொல்லலாம்!

பகல் பன்னிரண்டரைக்கு, மசாலாச் சந்தைக்கு எதிரிலுள்ள யெனி ஜாமி மசூதியின் படிக்கட்டில் சந்தியுங்கள். படகுத்துறையில் சந்திப்போம் என்று மட்டும் சொல்லாதீர்கள். எமினோனுவில் துறைகள் பல. டிராமுக்கும் படகுக்குமான பயண அட்டையையும் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து, எதிரே ஆசியக் கரையில் உள்ள காடிகொய் செல்லும் பொதுப் படகில் ஏறுங்கள். ஏறத்தாழ இருபது நிமிடப் பயணம்தான், ஆனால் அன்றைய நாளின் சிறந்த பகுதி இதுவாகவே இருக்கும். உட்கார்ந்தபடியே தேநீர் வாங்கிக் குடிக்கலாம். தோப்காப்பி அரண்மனை, ஹேகியா சோஃபியாவின் கும்மட்டம், கடல் நடுவே நிற்கும் கன்னிக் கோபுரம் எல்லாம் ஒவ்வொன்றாக விலகிப்போகும். காடிகொய்தான் சால்சிடான் என்னும் பண்டைய கிரேக்கக் குடியேற்றம். எதிர்க்கரையில் இதைவிட நல்ல இடம் காலியாகக் கிடந்தும் இங்கே குடியேறியவர்கள் குருடர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு பாரசீகத் தளபதி கேலி செய்ததாகப் பழைய கிரேக்க வரலாறு கூறுகிறது. இன்று அங்குள்ள கடைத்தெருவில் மீனும் ஊறுகாயும் ஆலிவும் வாங்க உள்ளூர்க்காரர்களே கூடுகிறார்கள். மதிய உணவை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போதும் படகிலேயே வாருங்கள். ஞாயிறு மாலை இரு கரைகளையும் இணைக்கும் பாலத்தின் மேல் வாடகைக் காரில் சிக்கிக்கொண்டால் நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை. காலையிலேயே அறையைக் காலி செய்து பெட்டிகளை விடுதி வரவேற்பறையில் ஒப்படைத்திருந்தால், ஆறரைக்குள் வந்து நிதானமாக அடுக்கிக்கொள்ளலாம். விமான நிலையம் பழைய நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் என்பதால், இரவு ஒன்பதரைக்குள் விடுதியைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

கேள்வி: தோழியோடு வெளிநாடு செல்லும்போது பொதுச் செலவுக் கணக்கையும் மிஞ்சிய உள்ளூர்ப் பணத்தையும் எப்போது தீர்த்துக்கொள்வது நல்லது?
- வாசகி, கோவை

பதில்: கணக்கைக் கடைசி நாளுக்கு முந்தைய இரவே முடித்துவிடுங்கள், விமான நிலையத்தில் தூக்கக் கலக்கத்தோடு ரசீதுகளைக் கூட்டினால் சிறு தொகைகூட மனத்தாங்கலாக முடியும். நாணயங்களைப் பணமாற்று நிலையங்கள் பெரும்பாலும் வாங்குவதில்லை என்பதால், கடைசி நாளின் தேநீருக்கும் சிறு கடைகளுக்கும் அவற்றையே முதலில் கொடுங்கள். துருக்கி லிராவைப் பொறுத்தவரை, மதிப்பு ஆண்டுக்காண்டு சரிந்துவருவதால், அடுத்த பயணத்துக்கு உதவும் என்று நோட்டுகளைச் சேர்த்து வைப்பதில் பயனில்லை.