கிட்டார் மேடை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பழைய ரோலண்ட் விஜி-99 (கிட்டார் ஒலியை மாற்றும் ப்ராசசர் பெட்டி) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பின்பக்கம் 13 பின் சாக்கெட். என் கிட்டார் சாதாரண ஸ்ட்ராட் வகை, வழக்கமான ஜாக் மட்டும்தான். இதைச் செருகினால் வேலை செய்யுமா?
– எஸ்.ஆர்., திருச்சி

பதில்: செய்யும், பாதி அளவுக்கு. இந்தப் பெட்டிக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, கிட்டாரையே வேறு கிட்டாராக மாற்றுவது. மற்றது ஆம்ப், ஸ்பீக்கர், எஃபெக்ட் போடுவது. சாதாரண ஜாக்கில் வரும் ஒலிக்கு இரண்டாவது வேலை மட்டுமே நடக்கும்.

காரணம் எளிது. உங்கள் பிக்கப் (தந்தி அதிர்வை மின் ஒலியாக மாற்றும் பகுதி) ஆறு தந்திகளின் ஒலியையும் ஒரே வயரில் கலந்து அனுப்புகிறது. ஸ்டாண்டர்ட் டியூனிங்கிலிருந்து (ஆறாவது தந்தி முதல் E-A-D-G-B-E) டிஏடிஜிஏடி (D-A-D-G-A-D) டியூனிங்குக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 6, 2, 1 ஆகிய தந்திகள் மட்டும் ஒரு முழு ஸ்வரம் (இரண்டு ஃப்ரெட் அளவு) இறங்க வேண்டும், 5, 4, 3 அப்படியே நிற்க வேண்டும். கலந்து வந்த ஒலியில் எது எந்தத் தந்தி என்று பிரிக்க இந்தப் பெட்டியால் முடியாது. எல்லாத் தந்திகளையும் ஒரே அளவில் இறக்குவது வேறு கதை. அதற்குச் சாதாரண ஜாக்கிலேயே வேலை செய்யும் பெடல்கள் கிடைக்கின்றன. இ ஃப்ளாட்டில் (எல்லாத் தந்தியும் ஒரு ஃப்ரெட் அளவு கீழே) வாசிப்பது மட்டும்தான் தேவை என்றால் அப்படி ஒரு பெடல் போதும்.

தந்திக்குத் தந்தி தனி ஒலி வேண்டுமானால் அந்த 13 பின் சாக்கெட்டில் செருகும் ஜிகே-3 போன்ற ஆறு சென்சார் பிக்கப்பை கிட்டாரில் வைத்தே ஆக வேண்டும். மரத்தைத் துளைக்க வேண்டாம், இரட்டைப் பக்க ஒட்டு டேப்பில் நிற்கும். இரும்புத் தந்தி கட்டாயம். நைலான் தந்தியை இந்தக் காந்த சென்சார் உணராது.

கேள்வி: ஜிகே-3 பொருத்திவிட்டேன். டியூனிங் மாற்றினால் பழைய ஸ்வரமும் சேர்ந்தே கேட்கிறது. சில தந்திகள் சத்தமாகவும் சில மெலிந்தும் வருகின்றன.
– பி.கே., மதுரை

பதில்: முதலில் பிக்கப்பில் உள்ள மூன்று நிலை சுவிட்சைப் பாருங்கள். நடுவில் ‘மிக்ஸ்’ இருந்தால் கிட்டாரின் சொந்த ஒலியும் கூடவே போகும். அதை ‘சின்த்’ பக்கம் தள்ளுங்கள். அதன் பிறகும் லேசாகப் பழைய ஸ்வரம் கேட்டால், அது தந்தியிலிருந்து நேரே காதுக்கு வரும் சத்தம். படுக்கையறையில் மெதுவாக வாசிக்கும்போது இது பெருந்தொல்லை. ஹெட்போன் போட்டாலோ ஒலியைக் கூட்டினாலோ மறைந்துவிடும், கருவியில் குறை எதுவும் இல்லை.

சத்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் பொருத்திய விதமே காரணம். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்தால், தந்திக்கும் சென்சாருக்கும் இடையே 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 1, 6 ஆகிய இரு ஓரங்களிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். இடைவெளி கூடினால் ஒலி மெலியும், பக்கத்துத் தந்தியின் ஒலியும் கசியும். குறைந்தால் பலமாக மீட்டும்போது தந்தி சென்சாரில் இடிக்கும். ஒவ்வொரு தந்தியும் தன் சென்சாரின் நேர் மேலே ஓட வேண்டும். பிரிட்ஜை (தந்திகள் கிட்டார் உடலில் தாங்கி நிற்கும் பகுதி) ஒட்டியே வையுங்கள், 20 மில்லிமீட்டருக்குள். சில கிட்டார்களில் பிரிட்ஜுக்கும் பிக்கப்புக்கும் இடையே அந்த இடமே இருக்காது. வாங்கும் முன் அளவுகோல் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து பெட்டிக்குள் ஜிகே அமைப்புப் பக்கம். ஸ்ட்ராட்டுக்கு ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் மொத்த நீளம்) 648 மில்லிமீட்டர். பிரிட்ஜ் சேடிலிலிருந்து (ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சிறு துண்டு) சென்சாரின் நடுப்பகுதி வரை உள்ள தூரத்தை ஆறு தந்திக்கும் அளந்து போடுங்கள். ஸ்ட்ராட்டில் சேடில்கள் முன்பின்னாக நிற்பதால் ஆறும் ஒரே எண்ணாக வராது. கடைசியாக சென்சிட்டிவிட்டி (உணர்திறன்). நீங்கள் வாசிக்கக்கூடிய அதிகபட்ச பலத்தில் ஒவ்வொரு தந்தியாக அடியுங்கள். மீட்டர் உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். முட்டினால் ஒலி கிழியும். கனத்தையோ வகையையோ மாற்றித் தந்தி போட்டால் இதை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: ஹெட்போனில் அருமையாக இருக்கும் விஜி-99 ஒலி, என் கிட்டார் ஆம்பில் செருகினால் போர்வைக்குள் இருந்து வருவது போல் இருக்கிறது. ஏன்?
– ஜே., கோவை

பதில்: ஸ்பீக்கர் இரண்டு முறை வருகிறது. ப்ராசசர் ஒரு கேபினட்டின் (ஸ்பீக்கர் பெட்டி) ஒலியைச் சேர்க்கிறது. அதன் மேல் உங்கள் ஆம்பின் நிஜ ஸ்பீக்கரும் தன் பங்குக்கு உயர் ஒலியை வெட்டுகிறது. கிட்டார் ஸ்பீக்கர்கள் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும்.

அவுட்புட் செலக்ட் என்ற அமைப்பைத் தேடி, உங்கள் ஆம்ப் வகையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது கேபினட்டை அணையுங்கள். ஆம்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் (ப்ரீஆம்பைத் தாண்டி ஒலியை உள்ளே விடும் சாக்கெட்) இருந்தால் அதில் செருகுவதே மேல், ஏனென்றால் முன்பக்க ப்ரீஆம்பின் நிறமும் சேராமல் போகும். மிக்ஸருக்கோ பி.ஏ.வுக்கோ (அரங்க ஒலிபெருக்கி) போகும்போது மட்டும் கேபினட்டைத் திரும்ப இயக்குங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் சற்று வெட்டினால் கூட்டத்தில் தெளிவாகக் கேட்கும். ஸ்டாண்டர்ட் டியூனிங்கில் ஆறாவது தந்தியே 82 ஹெர்ட்ஸில் தொடங்குவதால் கீழே எதையும் இழக்க மாட்டீர்கள்.

கேள்வி: 13 பின் கேபிளுக்குப் பதில் பழைய மிடி கேபிளைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முடியாது. மிடியில் 5 பின்தான். 13 பின் கேபிளில் ஆறு தந்தியின் ஒலிகளோடு பிக்கப்புக்கான மின்சாரமும் போகிறது. கழற்றும்போது ஒலியைக் குறைத்துவிட்டு, பூட்டை அழுத்திய பிறகே இழுங்கள்.